கம்பெனி கைமாறி வேலை போனவங்களுக்கு: ஜார்ஜ்டவுன்ல ஒரு லாயர் ஆபிஸ் ரிவ்யூ

இது மலேசியாவுல, பினாங்கு ஜார்ஜ்டவுன்ல ஒரு பழைய கடைவீட்டு மாடியில இருக்குற சின்ன லாயர் ஆபிஸ பத்துன ரிவ்யூ. கம்பெனிய வேற ஒருத்தங்க வாங்கிட்டாங்க, உங்க சர்வீஸ் ரெண்டு வருஷம் கூட ஆகல, எச்ஆர் கூப்புட்டு "உங்களுக்கு காம்பென்சேஷன் ஒண்ணும் கெடையாது"ன்னு சொல்லி ஒரு பேப்பர நீட்டுறாங்க. இந்த நெலமையில இருக்குறவங்க ஒரு மணி நேரம் காசு குடுத்து உக்காந்து பேச வேண்டிய எடம் இதுதான்னு நான் தைரியமா சொல்லுவேன். ஆபிஸ் பேர நான் இங்க போடல. என்ன கேக்கணும், எந்த பேப்பர காட்டணும்னு தெரிஞ்சுகிட்டா பினாங்குல எம்ப்ளாய்மென்ட் கேஸ் பாக்குற எந்த லாயர் கிட்ட போனாலும் இதே சேவைய கேட்டு வாங்கலாம், அதுக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

நாங்க பிறைங்குற ஊருல ஒரு ஃபார்வர்டிங் (சரக்கு அனுப்புற) கம்பெனியில டாக்குமென்டேஷன் செக்ஷன். நான் ஒரு வருஷம் ஏழு மாசம், எங்க கூட இருந்த ஒரு தம்பி எட்டு மாசம், ஷீலா அக்கா ஆறு வருஷத்துக்கு மேல. பிசினஸ வேற ஒரு கம்பெனி எடுக்குதுன்னு மீட்டிங் போட்டு சொன்னாங்க, "யாருக்கும் ஒண்ணும் ஆகாது"ன்னும் சொன்னாங்க. அப்புறம் பாத்தா அக்காவுக்கு மட்டும் புது கம்பெனி ஓப்பர் லெட்டர், எனக்கும் தம்பிக்கும் டெர்மினேஷன் லெட்டர், அதுல ரெண்டு வாரம் நோட்டீஸ், "ரெண்டு வருஷத்துக்கு கொறைவான சர்வீஸ் என்பதால் இழப்பீடு இல்லை"ன்னு ஒரு வரி.

அந்த ரெண்டு வருஷம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்கு அப்ப புரியல. வீட்டுக்கு வந்து கூகுள்ல தேடுனா எல்லாமே இங்கிலாந்து சட்டம்தான் மொதல்ல வருது. அங்க ரெண்டு வருஷம் வேலை செஞ்சாத்தான் சட்டப்படி ரிடன்டன்சி (ஆட்குறைப்பு) காசு கெடைக்கும், கம்பெனி கைமாறுனா 2006ல வந்த டியூப்பி ரெகுலேஷன் படி ஆளுங்க தானாவே புது மொதலாளிக்கு கீழ போயிடுவாங்க, பழைய சர்வீஸும் கூடவே போகும். நம்ம நாட்டுல ரெண்டுமே வேற மாதிரி. இங்க ஆளு தானா மாறமாட்டாங்க, புது மொதலாளி ஓப்பர் குடுக்கணும். காசு கெடைக்க ரெண்டு வருஷம் தேவையில்ல, 12 மாசம் தொடர்ச்சியா வேலை செஞ்சிருந்தா போதும். 1980ஆம் வருஷத்து டெர்மினேஷன் அன்ட் லே-ஆஃப் பெனிஃபிட்ஸ் ரெகுலேஷன்ஸ்னு ஒண்ணு இருக்கு, எல்லாம் அதுல இருக்கு. நாப்பது வருஷத்துக்கு மேல இருக்குற சட்டம், அதையும் தெரியாத மாதிரி ஒரு எச்ஆர் லெட்டர் அடிக்குதுன்னா கோவம் வருமா வராதா?

சரி, ஆபிஸுக்கு வர்றேன். மொத சந்திப்பு ஒரு மணி நேரத்துக்கு 300 வெள்ளி (ரிங்கிட்), போன்லயே சொல்லிட்டாங்க. மூணு பேரும் சேந்து வரலாமான்னு கேட்டேன், ஒரே கம்பெனி ஒரே விஷயம்னா வாங்க, ஒரே ஃபீஸ்தான்னு சொன்னாங்க, ஆளுக்கு நூறு வெள்ளி ஆச்சு. லாயர் மேடம் தமிழ்லயே பேசுனாங்க, நடுவுல சட்டம் வர்ற எடத்துல மட்டும் மலாயும் இங்கிலீஷும். எனக்கு பிடிச்சது என்னன்னா நாங்க கதை சொல்ல ஆரம்பிச்ச ஒடனே கைய காட்டி நிறுத்திட்டு "மொதல்ல பேப்பர்"ன்னு கேட்டாங்க. என்னோட பழைய பேஸ்லிப்ப இடது பக்கம், அக்காவோட புது ஓப்பர் லெட்டர வலது பக்கம் வச்சு, ரெண்டுலயும் கம்பெனி பேருக்கு கீழ பொடி எழுத்துல இருக்குற ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர பென்சில்ல கோடு போட்டாங்க. பேரு கிட்டத்தட்ட ஒரே மாதிரி, நம்பர் வேற வேற. அதுக்கப்புறம் என்னோட இபிஎஃப் (சேமநிதி) ஸ்டேட்மென்ட்ட வாங்கி அதுல எந்த எம்ப்ளாயர் பேருல கட்டிருக்காங்கன்னு பாத்தாங்க.

ஏன் இதுன்னா, கம்பெனி கைமாறுதுன்னு சொல்றதுல ரெண்டு வகை இருக்கு. பங்கு மட்டும் கைமாறுனா, அதாவது ஷேர வேற ஆளு வாங்கிட்டா, நம்ம எம்ப்ளாயர் அதே சென்டிரியான் பெர்ஹாட் (பிரைவேட் லிமிடெட் கம்பெனி)தான், நம்பரும் அதேதான், நம்ம கான்ட்ராக்ட் அப்படியே ஓடுது, யாரும் புது லெட்டர்ல கையெழுத்து போட வேண்டிய அவசியமே இல்ல, சர்வீஸும் அப்படியே இருக்கு. பிசினஸ மட்டும், அதாவது கஸ்டமர், லாரி, கெடங்கு, ஸ்டாஃப் இதெல்லாம் வேற கம்பெனிக்கு போச்சுன்னா அப்ப எம்ப்ளாயர் மாறிட்டாங்க. எங்களது ரெண்டாவது வகை. இத மேடம் பேப்பர் பாத்த கையோட சொல்லிட்டாங்க, எச்ஆர் மீட்டிங்ல அவ்ளோ நேரம் பேசியும் இத யாருமே எங்களுக்கு சொல்லல.

எம்ப்ளாயர் மாறுனா என்ன ரூல்னா, அந்த ரெகுலேஷன்ல எட்டாவது பகுதி. கைமாறுன ஏழு நாளைக்குள்ள புது மொதலாளி, பழைய வேலைய விட கொறையாத சம்பளம், கொறையாத கண்டிஷன்ல உங்கள வச்சிக்கிறேன்னு ஓப்பர் குடுக்கணும். அப்படி நல்ல ஓப்பர் குடுத்தும் நியாயமான காரணம் இல்லாம வேணாம்னு சொன்னா நமக்கு காசு கெடையாது. ஓப்பரே குடுக்கலன்னா நம்ம கான்ட்ராக்ட் முடிஞ்சதா சட்டம் எடுத்துக்கும், பெனிஃபிட் காச பழைய மொதலாளியும் புது மொதலாளியும் ரெண்டு பேரும் சேந்தும் தனித்தனியாவும் பொறுப்பேத்து கட்டணும். இந்த கடைசி வரி ரொம்ப முக்கியம். எங்க விஷயத்துல பழைய கம்பெனி "அதெல்லாம் அவங்க பாத்துப்பாங்க"ன்னாங்க, புது கம்பெனி "நீங்க எங்க ஆளே இல்ல"ன்னாங்க. யார் கிட்ட கேக்குறதுன்னு தெரியாம நெறைய பேர் விட்டுடுவாங்க. ரெண்டு பேர் மேலயும் கேக்கலாம், முழுசாவும் ஒருத்தர் கிட்டயே கேக்கலாம்னு மேடம் சொன்னப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு.

கணக்கு எப்படின்னா, ரெண்டு வருஷத்துக்கு கொறைவான சர்வீஸுக்கு வருஷத்துக்கு 10 நாள் சம்பளம், ரெண்டுலேர்ந்து அஞ்சு வருஷத்துக்குள்ள 15 நாள், அஞ்சு வருஷத்துக்கு மேல 20 நாள், முழுசா ஆகாத வருஷத்துக்கு மாசக் கணக்குல பிரிச்சு குடுக்கணும். ஒரு நாள் சம்பளம்னா கடைசி 12 மாசத்துக்கு வாங்குனத சராசரி எடுக்கணும், நிரந்தரமா வர்ற அலவன்ஸும் அதுல சேரும், டிராவல் அலவன்ஸும் வருஷ போனஸும் சேராது. எனக்கு மாசம் 2,400 வெள்ளி, வருஷத்துக்கு 28,800, அத 365ஆல வகுத்தா ஒரு நாளைக்கு 78.90. பத்தொம்பது மாசத்துக்கு 15.83 நாள். பெருக்குனா 1,249 வெள்ளி சொச்சம். பெரிய காசு இல்லதான், ஆனா எங்க வீட்டு ரெண்டு மாச வாடகை அது, "ஒண்ணும் கெடையாது"ன்னு சொல்லி ஒரு வரியில எடுத்துட்டாங்க.

நோட்டீஸும் அதே மாதிரி. கான்ட்ராக்ட்ல ரெண்டு வாரம்னு போட்டிருக்கு, அதனால ரெண்டு வாரம் குடுத்தோம்னாங்க. ஆட்குறைப்பு, பிசினஸ் மூடுறது, கைமாறுறது இந்த காரணத்துக்கெல்லாம் ஆள எடுக்குறதா இருந்தா கான்ட்ராக்ட்ல என்ன எழுதியிருந்தாலும் சட்டத்துல சொன்ன நோட்டீஸுக்கு கொறையக் கூடாது, எம்ப்ளாய்மென்ட் ஆக்ட் 1955, செக்ஷன் 12. ரெண்டு வருஷத்துக்குள்ளனா நாலு வாரம், அஞ்சு வருஷத்துக்குள்ளனா ஆறு வாரம், அதுக்கு மேல எட்டு வாரம். நோட்டீஸ் குடுக்கலன்னா அந்த நாளுக்கு உண்டான சம்பளத்த குடுக்கணும். நோட்டீஸுக்கு 12 மாசம் சர்வீஸ் தேவையில்ல, இத தம்பி மாதிரி ஆளுங்க கவனிக்கணும்.

தம்பி விஷயத்த தனியா சொல்றேன், ஏன்னா ரொம்ப கொஞ்ச நாள் வேலை செஞ்சவங்களத்தான் எல்லாரும் ஒதுக்கித் தள்ளுறாங்க. அவருக்கு எட்டு மாசம்தான், 12 மாசம் ஆகலன்னா அந்த 10 நாள் கணக்கு பெனிஃபிட் கெடையாது, மேடம் அத மறைக்காம நேராவே சொல்லிட்டாங்க, "தம்பி, அதுக்கு நீங்க கேக்க முடியாது, ஆனா மத்தது எல்லாம் கேக்கலாம்"னு. மத்தது என்னன்னா நாலு வார நோட்டீஸ், வேலை முடியற நாளுக்குள்ள பாக்கி சம்பளம், எடுக்காத லீவுக்கு காசு. ரெண்டு வருஷத்துக்குள்ள சர்வீஸ்னா வருஷத்துக்கு 8 நாள் லீவு, எட்டு மாசத்துக்கு கணக்கு பண்ணா 5 நாள் வருது, அவர் ஒரு நாள் கூட எடுக்கல. அதோட சொக்சோ, அதாவது தொழிலாளர் சமூக பாதுகாப்பு நிறுவனத்தோட இஐஎஸ், வேலை போனா காசு குடுக்குற காப்புறுதி. கடைசி 24 மாசத்துல 12 மாசம் இஐஎஸ் கட்டியிருந்தா மொத தடவ க்ளெய்ம் பண்ணலாம், அந்த 12 மாசமும் ஒரே கம்பெனியா இருக்கணும்னு இல்ல. தம்பி அதுக்கு முன்னாடி பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரியில வேலை செஞ்சவரு, அங்க கட்டுனதும் சேந்து அவருக்கு தகுதி வந்துருச்சு. "எட்டு மாசம்தானே, எனக்கு சொக்சோ வராது"ன்னு அவரு விட்டிருந்தா போயே போயிருக்கும். வேலை தேடுற அலவன்ஸ் மொத மாசம் நம்ம கணக்கு சம்பளத்துல 80 விழுக்காடு, அப்புறம் படிப்படியா கொறையும். வேலை போன நாள்லேர்ந்து 60 நாளுக்குள்ள அப்ளை பண்ணணும்.

இங்க ஒரு எச்சரிக்கை, மேடம் ரெண்டு தடவ சொன்னது. எச்ஆர் "உங்க ரெக்கார்டுக்கு நல்லா இருக்கும், ராஜினாமா லெட்டர் குடுத்துடுங்க"ன்னு கேப்பாங்க. குடுக்காதீங்க. நீங்களா விலகுனா இஐஎஸ் கெடையாது, பெனிஃபிட்டும் கெடையாது, அநியாயமா வேலைய விட்டு எடுத்துட்டாங்கன்னு சொல்ற வழியும் கிட்டத்தட்ட அடைஞ்சு போகும். எங்க கம்பெனி கெடங்குல ரெண்டு பேர் அப்படி கையெழுத்து போட்டுட்டாங்க, பாவம், மரியாதையா கேட்டாங்களேன்னு போட்டுட்டாங்க.

அக்காவோட லெட்டர்தான் அந்த ஒரு மணி நேரத்துல ரொம்ப நேரம் எடுத்தது. பாக்க நல்ல லெட்டர், சம்பளம் அதே, பதவி அதே. ஆனா வேலையில சேந்த தேதின்னு போட்ட எடத்துல கைமாறுன தேதிய போட்டிருந்தாங்க, கீழ மூணு மாசம் ப்ரொபேஷன்னு ஒரு வரி. ஆறு வருஷம் வேலை செஞ்ச ஒருத்தங்க நேத்து சேந்த ஆளு மாதிரி. அக்கா அத கவனிக்கவே இல்ல, சம்பளம் கொறையலன்னு சந்தோஷத்துல இருந்தாங்க. மேடம் அந்த தேதி மேல விரல வச்சுகிட்டு சொன்னாங்க, இந்த ரெகுலேஷன் படி தொடர்ந்து வேலைக்கு எடுத்தா பழைய சர்வீஸ் அறுந்து போகாது, பழைய கம்பெனியில செஞ்சதும் புது கம்பெனி கணக்குல சேரும், ஆனா லெட்டர்ல புது தேதிய ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டுட்டா நாளைக்கு சண்டை போட்டுத்தான் அத நிரூபிக்கணும், இன்னைக்கே ஒரு வரி சேக்க சொல்லுங்கன்னு. அந்த வரிய அவங்களே எழுதி குடுத்தாங்க, பழைய கம்பெனியில சேந்த தேதியிலேர்ந்து எல்லா பலனுக்கும் சர்வீஸ் தொடரும், ப்ரொபேஷன் கெடையாதுன்னு. அக்கா அத எச்ஆருக்கு இமெயில் போட்டாங்க, லெட்டர் மாறி வந்துச்சு. சண்டையே இல்ல.

அந்த தேதிக்கு ஏன் இவ்ளோ மதிப்புன்னா, ஆள் கொறைக்கும் போது கடைசியா சேந்தவங்கள மொதல்ல எடுக்குறது இங்க வழக்கம், லிஃபோன்னு சொல்லுவாங்க, 1975ல வந்த இண்டஸ்ட்ரியல் ஹார்மனி நடத்தை விதியும் சர்வீஸ் காலத்த பாக்கச் சொல்லுது. ஒரே வகை வேலை செய்றவங்களுக்குள்ள பாக்கணும், தகுந்த காரணம் இருந்தா மொதலாளி மாத்தலாம். இப்ப புது மொதலாளி எல்லாருக்கும் ஒரே தேதி போட்டுட்டா ஆறு வருஷக்காரரும் ஆறு மாசக்காரரும் ஒண்ணு, அதுக்கு மேல அவங்க சொந்த ஆளுங்க எல்லாரும் நமக்கு சீனியர். அடுத்த வருஷம் ஆள் கொறைச்சா நாமதான் மொத வரிசை, அதுவும் 12 மாசம் ஆகாத ஆளா நின்னா பெனிஃபிட்டும் இல்லன்னு சொல்லுவாங்க. கம்பெனி கைமாறும் போது கொஞ்ச நாள் சர்வீஸ் ஆளுங்கன்னு ஒரு கூட்டம் புதுசா உருவாகுறது இப்படித்தான், ஒரு தேதிய மாத்தி. எனக்கு இது ரொம்ப மனச உறுத்துது, ஏன்னா யாரும் அந்த எடத்த படிக்குறதே இல்ல, எல்லாரும் சம்பளத்தத்தான் பாக்குறாங்க.

இன்னொன்னு, வெளிநாட்டு தொழிலாளர் அதே வேலையில இருந்தா அவங்கள வச்சுகிட்டு உள்ளூர் ஆள எடுக்கக் கூடாது, அதே ஆக்ட்ல செக்ஷன் 60என். எங்க செக்ஷன்ல அப்படி யாரும் இல்ல, கெடங்குல இருந்தாங்க.

மாசம் 4,000 வெள்ளிக்கு மேல வாங்குறவங்களுக்கு ஒரு விஷயம். 2023 ஜனவரியிலேர்ந்து எம்ப்ளாய்மென்ட் ஆக்ட் எல்லா சம்பளக்காரங்களுக்கும் பொருந்தும், ஆனா இந்த டெர்மினேஷன் பெனிஃபிட் 4,000க்கு மேல போனா சட்டப்படி வராது, உங்க கான்ட்ராக்ட்ல என்ன இருக்கோ அதுதான். பாயான் லெப்பாஸ் இன்ஜினியர் பிள்ளைங்க நெறைய பேர் இதுல வருவீங்க. உங்களுக்கு இருக்குற வழி இண்டஸ்ட்ரியல் ரிலேஷன்ஸ் ஆக்ட் 1967, செக்ஷன் 20. அதுக்கு சம்பள வரம்பே இல்ல, எவ்ளோ நாள் வேலை செஞ்சோம்னும் வரம்பு இல்ல, ப்ரொபேஷன்ல இருக்குறவங்களும் போடலாம். காரணமே இல்லாம இல்லன்னா பொய் காரணம் சொல்லி எடுத்துட்டாங்க, எனக்கு என் வேலைய திருப்பி குடுங்கன்னு கேக்குற மனு. வேலை போன நாள்லேர்ந்து 60 நாளுக்குள்ள போடணும், நோட்டீஸ் ஓடிட்டு இருக்கும் போதே கூட போடலாம். 60 நாள் தாண்டுனா அவ்ளோதான். மொதல்ல கன்சிலியேஷன் (சமரசப் பேச்சு), அங்க லாயர் உள்ள வர முடியாது. ஒத்து வரலன்னா இண்டஸ்ட்ரியல் கோர்ட்டுக்கு போகும், ஜெயிச்சா பின் சம்பளம் (வேலை இல்லாம இருந்த காலத்து சம்பளம்) கன்ஃபர்ம் ஆன ஆளுக்கு அதிகபட்சம் 24 மாசம், ப்ரொபேஷன் ஆளுக்கு 12 மாசம்.

இதுல எனக்கு மேடம் மேல மரியாதை கூடுச்சு. நான் செக்ஷன் 20 போடலாமான்னு கேட்டேன். அதுக்கு மேடம், உங்க வேலைய புது கம்பெனி ஏற்கனவே அவங்க சொந்த ஆள வச்சு செய்யுது, ஒரே வேலைக்கு நெஜமாவே ரெண்டு செட் ஆளுங்க இருக்காங்க, அதனால ஆட்குறைப்பு பொய்ன்னு காட்டுறது உங்களுக்கு கஷ்டம், கேக்க உரிமை இருக்கு ஆனா வருஷக்கணக்குல இழுக்கும், எனக்கு குடுக்குற ஃபீஸ் நீங்க வாங்குறத விட அதிகமா போகும்னாங்க. உங்க காசுக்கு லேபர் ஆபிஸ் போதும், அங்க லாயர் தேவையில்ல, ஃபீஸும் இல்லன்னு சொல்லி என்னென்ன பேப்பர் எடுத்துட்டு போகணும்னு ஒரு தாள்ல எழுதி குடுத்தாங்க. கேஸ் எடுத்தா அவங்களுக்கு வருமானம், அத வேணாம்னு சொன்னாங்க. மூணு மாடி ஏறி 300 வெள்ளி குடுத்ததுக்கு அந்த ஒரு பதில் போதும்.

லேபர் ஆபிஸ், ஜாபாத்தான் தெனாகா கெர்ஜா. இத தனியா ரிவ்யூ பண்ணலாம் அவ்ளோ இருக்கு, சுருக்கமா சொல்றேன். பழைய கம்பெனியில சேந்தப்ப வாங்குன ஓப்பர் லெட்டர், டெர்மினேஷன் லெட்டர், கடைசி 12 மாச பேஸ்லிப், இபிஎஃப் ஸ்டேட்மென்ட், ஐசி (அடையாள அட்டை) காப்பி கொண்டு போனேன். ஃபாரம் மலாய்ல, எழுத வரலன்னா வீட்டு பிள்ளைங்கள கூட்டிட்டு போங்க. நான் ரெண்டு கம்பெனி பேரையும் ரெண்டு ரெஜிஸ்ட்ரேஷன் நம்பரையும் எழுதுனேன், மேடம் அப்படித்தான் எழுத சொன்னாங்க. கவுன்டர்ல இருந்த ஆபிசர் என் கணக்க பாத்துட்டு கால்குலேட்டர எடுத்து அவரே ஒரு தடவ போட்டாரு, அதே 1,249 வந்துச்சு, தலைய ஆட்டிட்டு ஸ்டாம்ப் குத்துனாரு. கம்பெனி ஆள எடுக்குறதுக்கு 30 நாள் முன்னாடி பிகே ஃபாரம் போட்டு லேபர் ஆபிஸுக்கு தெரிவிக்கணும், அது எங்களுக்கு போட்டாங்களான்னும் கேட்டேன். பேச வரச் சொல்லி ரெண்டு கம்பெனிக்கும் லெட்டர் போச்சு, விசாரணை தேதிக்கு முன்னாடியே பழைய கம்பெனி கூப்புட்டு கட்டிட்டாங்க, என்னோட பெனிஃபிட், கொறைஞ்ச ரெண்டு வார நோட்டீஸ் காசு, தம்பியோட நோட்டீஸ், லீவு காசு எல்லாம். பெனிஃபிட் வேலை முடிஞ்ச ஏழு நாளுக்குள்ள கட்ட வேண்டிய காசு, எப்படி கணக்கு போட்டாங்கன்னு எழுத்துல குடுக்கணும்னும் ரூல் இருக்கு, குடுக்கலன்னா கேட்டு வாங்குங்க.

புது கம்பெனி ஏற்பாடு பண்ணுன "கேரியர் சப்போர்ட்" சேவைக்கும் போனோம், வேலை போனவங்களுக்கு இலவசம்னு. ரெஸ்யூமே எப்படி எழுதுறதுன்னு சொல்லி குடுத்தாங்க, சிரிச்சு பேசுனாங்க. நோட்டீஸ், பெனிஃபிட், சொக்சோ பத்தி ஒரு வார்த்தை இல்ல, கேட்டதுக்கு "அது உங்க எச்ஆர் கிட்ட கேளுங்க". அதுக்கு காசு குடுக்குறது யாருன்னு யோசிச்சா புரியும். ரெஸ்யூமேக்கு மட்டும் போங்க.

லாயர் ஆபிஸ்ல கொறைன்னு சொல்லணும்னா சொல்றேன். லிஃப்ட் இல்ல, மூணு மாடி, வயசானவங்க, முட்டி வலி உள்ளவங்களுக்கு ரொம்ப கஷ்டம், ஷீலா அக்கா ரெண்டு எடத்துல நின்னு நின்னு ஏறுனாங்க. பார்க்கிங் கெடைக்காது, ஃபெர்ரியில வந்து நடந்தீங்கன்னா பரவால்ல. வாட்சப்புக்கு பதில் சீக்கிரம் வராது, அக்கா எச்ஆருக்கு அனுப்புற இமெயில ஒரு தடவ பாத்து சொல்லுங்கன்னு அனுப்புனதுக்கு மூணு நாள் ஆச்சு. ஏழு நாள் கெடு ஓடிட்டு இருக்கும் போது மூணு நாள் பெரிய விஷயம், இத அவங்க கிட்டயே சொன்னேன், அவசரம்னா க்ளார்க்குக்கு போன் பண்ணுங்கன்னு நம்பர் குடுத்தாங்க. எதிர்ல உக்காந்து பேசும் போது மட்டும் ஒரு நிமிஷம் கூட வேற எதையும் பாக்கல, போன கவுத்து வச்சுட்டாங்க.

காசே இல்லாதவங்க ஆளுக்கு நூறு வெள்ளி கூட பாரம்னு நெனச்சா நேரா லேபர் ஆபிஸுக்கும் சொக்சோவுக்கும் போங்க, ரெண்டும் ஃபீஸ் இல்லாம பாக்குறாங்க. மனிதவள அமைச்சோட வொர்க்கிங் ஃபார் வொர்க்கர்ஸ் ஆப் வழியாவும் புகார் போடலாம். லாயர் கிட்ட காசு செலவு பண்ண தகுந்த ரெண்டே எடம்தான்னு எனக்கு படுது: ஒண்ணு புது ஓப்பர் லெட்டர்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி, இன்னொன்னு செக்ஷன் 20 போடுறதா வேணாமான்னு முடிவு பண்ணும் போது. அதுவும் நீங்க 4,000க்கு மேல வாங்குற ஆளா இருந்தா கண்டிப்பா போங்க, கான்ட்ராக்ட்ல இருக்குற ரிடன்டன்சி க்ளாஸ் என்ன சொல்லுதுன்னு படிச்சு சொல்ல ஆள் வேணும்.

இந்த ஆபிஸுக்கு அஞ்சுக்கு நாலரை குடுக்குறேன், அரை மார்க் அந்த மூணு நாளுக்கு. சனிக்கிழமை காலையில பாக்குறாங்க, போன் பண்ணி நேரம் வாங்கிட்டுத்தான் போகணும். லெட்டர், பேஸ்லிப், இபிஎஃப் எல்லாத்தையும் முந்துன நாளே பிடிஎஃப் ஆக்கி அனுப்பிடுங்க, அந்த ஒரு மணி நேரம் மிச்சமாகும். ரிசீட் கேக்காமலே குடுத்தாங்க.